மாணவர் மாணவர்க்குக் கற்பித்த வரலாறு

யாழ்ப்பாணத்து முதியவர்கள் பள்ளிக்கூட ஆசிரியரைச் ‘சட்டம்பியார்’ என்று அழைப்பதை நம்மிற் பலர் கேட்டிருப்போம். தமிழகத்துத் திண்ணைப் பள்ளிகளிலே ஆசிரியருக்குத் துணையாக நின்று ஏனைய பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லிக்கொடுத்த மூத்த மாணவனுக்குச் ‘சட்டாம்பிள்ளை’ என்று பெயர். மலையாளத்திலோ ‘சட்டம்பி’ என்ற சொல் இன்று அடாவடிக்காரனைக் குறிக்கின்றது. ஆயினும் கேரளத்துச் சீர்திருத்தவாதியான சட்டம்பி சுவாமிகள் (1853–1924) அப்பெயரைப் பெற்றது, இளமையில் தம் பள்ளியிலே சட்டாம்பிள்ளையாக இருந்தமையினாலேயே. ஒரே சொற்குடும்பம் ஓரிடத்தில் ஆசிரியனையும், ஓரிடத்தில் மாணவனையும், இன்னோரிடத்தில் முரடனையும் சுட்டி நிற்கின்றது. சொற்கள் காரணமின்றிப் பொருள் மாறுவதில்லை. கற்பிக்கும் அதிகாரம் ஒரு மாணவன் கையிற் கொடுக்கப்படும்போது அவன் ஆசிரியனாக வளரவும் கூடும். முரடனாக மாறவும் கூடும். எது நிகழும் என்பதைத் தீர்மானிப்பது எது? இக்கட்டுரை ஆராய முற்படுவது இவ்வினாவையே.

கூட்டாகக் கற்றல், மாணவர் தலைமையிற் கற்றல் என்பன இன்று ஆசிரியர் பயிற்சி வகுப்புக்களில் மேலைநாட்டுப் புதுமைகளாக நமக்கு எடுத்துரைக்கப்படுகின்றன. 2007 ஆம் ஆண்டுப் பாடத்திட்டச் சீர்திருத்தத்தின் பின் ‘குழுச் செயற்பாடு’ என்ற தொடர் இடம்பெறாத ஆசிரியர் வழிகாட்டியைக் காண்பது அரிது. ஆனால், இம்முறையின் வரலாற்றைத் தேடிச் செல்பவன் கடல் கடந்து போய், மீண்டும் நமது மணலுக்கே வந்து சேருகிறான்.

*

1623 ஆம் ஆண்டு. பியெத்ரோ டெல்லா வாலே என்னும் இத்தாலியப் பயணி இன்றைய கர்நாடகத்தைச் சேர்ந்த இக்கேரி என்னும் ஊரிலே, கோயில் மண்டபமொன்றில் நான்கு சிறுவர் கணக்குப் படிப்பதைக் கண்டான். தரையிலே மெல்லிய மணல் பரப்பப்பட்டிருந்தது. ஒருவன் பாடத்தின் ஒரு பகுதியை இராகமிட்டுச் சொல்லிக்கொண்டே விரலால் மணலில் எழுதினான். மற்ற மூவரும் அவனைத் தொடர்ந்து சொல்லி எழுதினர். தரை நிறைந்ததும் அதன்மேல் மேலும் மணலைத் தூவிவிட்டு மீண்டும் தொடங்கினர். அருகே ஆசிரியர் எவரும் இல்லை. “பாடத்தில் ஒரு பகுதி மறந்துபோனால் யார் உங்களைத் திருத்துவார்?” என்ற கருத்துப்பட அவன் கேட்டான். நால்வரும் ஒரே இடத்தை ஒரே நேரத்தில் மறப்பது நடவாத காரியம், ஆகையால் ஒருவரை ஒருவர் திருத்திக்கொள்வோம் என்று அச்சிறுவர் விடை கூறினராம். பயணி வியந்து தன் குறிப்பிலே பதிந்து வைத்தான்.

கூட்டுக் கல்வியின் தத்துவத்தை இதனினும் சுருக்கமாகச் சொல்வது கடினம். ஒருவன் மறந்ததை இன்னொருவன் அறிவான். அறிவு ஒரு தலைக்குள் அடைபட்டுக் கிடப்பதன்று, நால்வரிடையே உலவுவது.

ஆனால், பழமையைப் போற்றுவோர் செய்யும் தவற்றை நாமும் செய்துவிடலாகாது. சென்னை மாகாண ஆளுநர் தோமஸ் மன்றோ 1822 இல் தொடக்கி வைத்த கல்விக் கணக்கெடுப்பின் முடிவுகள் 1826 இல் தொகுக்கப்பட்டன. அவற்றின்படி ஏறத்தாழ ஒரு கோடி இருபத்தெட்டு லட்சம் மக்கள் வாழ்ந்த மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. அவற்றிற் பயின்ற 188,650 பேரிற் பெண்பிள்ளைகள் 4,540 பேரே. திண்ணை எல்லோருக்கும் உரிய திண்ணையாக இருந்ததில்லை. மணலில் ஒன்றாக விரல் வைத்த நால்வரும் ஒன்றாக அமரத் தக்கவர் எனச் சமூகம் முன்னரே தீர்மானித்திருந்தது. அத்தோடு, திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளை பாடஞ் சொல்லிக்கொடுத்தவன் மாத்திரமல்லன். பிள்ளைகளைப் பிடித்து வந்தவனும், குற்றஞ் சாட்டியவனும், சில வேளைகளிற் பிரம்பை எடுத்தவனும் அவனே. தோழமையும் அதிகாரமும் அவன் ஒருவனிடத்தே கலந்து கிடந்தன.

*

இக்கலவையிலிருந்து ஒன்றை மாத்திரம் பிரித்தெடுத்து உலகெங்கும் பரப்பிய பெருமை அன்ட்ரூ பெல் என்னும் ஸ்கொத்லாந்துப் பாதிரியாரைச் சாரும். அவர் 1789 இல் சென்னை எழும்பூரிலிருந்த ஆண்பிள்ளைகள் அநாதை விடுதியின் பொறுப்பை ஏற்றார். ஆங்கிலேயப் படைவீரர்களுக்கு இந்நாட்டுப் பெண்களிடத்துப் பிறந்து கைவிடப்பட்ட பிள்ளைகளே அங்கு வளர்ந்தனர். ஒருநாட் காலை குதிரையிற் சென்ற பெல், ‘மலபார்’ பள்ளியொன்றைக் கடக்க நேர்ந்தது. அக்காலத்து ஐரோப்பியர் தமிழரையும் மலபாரிகள் என்றே வழங்கினர். அங்கே பிள்ளைகள் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்தனர். தாளும் மையும் எழுதுகோலும் வேண்டாத இம்முறை அவரை ஈர்த்தது. விடுதிக்குத் திரும்பிய அவர் அதனைக் கையாளுமாறு ஆசிரியர்களைப் பணித்தார். அவர்கள் ஒத்துழைக்கவில்லை. எனவே, ஜோன் பிரிஸ்கென் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். இயலாது என்று ஆசிரியர்கள் கூறிய காரியத்தை அச்சிறுவன் செய்து காட்டினான்.

சென்னையை விட்டுச் சென்ற பெல் 1797 இல் தமது சோதனையை லண்டனில் நூலாக வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயர் இங்கிலாந்தெங்கும் பரவியது. மணலை இந்நாட்டுப் பள்ளியிற் கண்டதாக ஒப்புக்கொண்ட பெல், மாணவரைக் கொண்டு மாணவருக்குக் கற்பிக்கும் வழியைத் தமது கண்டுபிடிப்பு என்றே கருதினார். ஆனால், பெல்லாரி மாவட்டக் கலெக்டர் கம்பெல் 1823 இல் மன்றோவின் கணக்கெடுப்புக்கு அனுப்பிய அறிக்கையில், முன்னேறிய மாணவர் பின்தங்கியோருக்குக் கற்பித்து அதனால் தம் அறிவையும் உறுதிப்படுத்திக்கொள்ளும் சுதேச முறையைப் பாராட்டி, இங்கிலாந்து அதனைப் பின்பற்றியது தகும் என எழுதினார். கடன் வாங்கியவர் மறந்ததை அவர் நாட்டு அதிகாரியே நினைவூட்டினார்.

ஆயினும், யார் யாரிடமிருந்து பெற்றனர் என்ற வழக்கை விட முக்கியமான வினா ஒன்றுண்டு. கடல் கடந்த அம்முறை என்னவாயிற்று?

பெல்லுக்குப் போட்டியாக எழுந்தவர் ஜோசப் லங்காஸ்டர். குவேக்கர் சமயத்தைச் சேர்ந்த இவ்விளைஞர் 1798 இல் லண்டனின் தென்பகுதியில், பரோ வீதியிலே ஏழைப் பிள்ளைகளுக்கெனப் பள்ளியொன்றைத் தொடங்கினார். ஓர் ஆசிரியர் சட்டாம்பிள்ளைகளின் துணையோடு ஆயிரம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம் என்று அவர் கூறினார். அது ஆலைத்தொழில் எழுச்சி பெற்ற காலம். நூற்பாலைகளிலே வேலை பல கூறுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு கையும் ஒரே அசைவை மீளமீளச் செய்து கொண்டிருந்தது. பள்ளியும் அதே அச்சில் வார்க்கப்பட்டது. நீண்ட மண்டபத்தில் வரிசை வரிசையாக வாங்குகள். ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு சட்டாம்பிள்ளை. எழுதுவதற்கும் எழுவதற்கும் திரும்புவதற்கும் கட்டளைகள். வேலைப் பிரிவினைத் தத்துவத்தை அறிவுத்துறைக்குப் பிரயோகித்ததே பெல்லின் முறை என்று அவருடைய ஆதரவாளரான தோமஸ் பேர்னாட் விளக்கினார். கவிஞர் கோல்ரிட்ஜ் 1816 இல் அதனை ஒழுக்கத்துக்கான மாபெரும் நீராவி எந்திரமாகக் கண்டு போற்றினார். போற்றியோரின் வாயிலிருந்தே உண்மை வெளிப்பட்டது.

லங்காஸ்டர் பிரம்பை வெறுத்தவர். ஆனால், பிரம்புக்குப் பதிலாக அவர் கண்ட தண்டனைகளோ பிள்ளைகளின் கழுத்திலே மரக்கட்டையை மாட்டுதல், கூடையில் இருத்திக் கூரையிலே தொங்கவிடுதல் முதலியன. பெல்லோ ஏழைகளின் பிள்ளைகளுக்குச் செலவு மிக்க கல்வி அளிப்பதோ, எழுத்தும் கணக்கும் கற்பிப்பதோ கூடத் தமது நோக்கமன்று என்று 1805 இல் எழுதினார். வேதத்தை வாசிக்கவும் தம் நிலையில் அமைந்து வாழவும் தெரிந்தாற் போதுமாம்! ஆங்கிலத் திருச்சபையினர் 1811 இல் தேசியச் சங்கத்தை நிறுவி பெல்லின் முறையைப் பரப்பினர். திருச்சபையைச் சாராதோர் லங்காஸ்டரைத் தாங்கினர். சமயத்தால் மாறுபட்ட இரு சாராரும் ஒன்றில் மாத்திரம் உடன்பட்டிருந்தனர்: ஏழைகளின் கல்வி மலிவானதாக இருத்தல் வேண்டும்.

இக்கேரிச் சிறுவர் நால்வரிடமும் பரோ வீதிப் பிள்ளைகளிடமும் மணல் ஒன்றே. ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தலும் ஒன்றே. ஆனால், இக்கேரியில் நால்வரும் ஒருவரை ஒருவர் திருத்தினர். பரோ வீதியில் ஒருவன் திருத்தினான், ஏனையோர் திருத்தப்பட்டனர். சட்டாம்பிள்ளை கூறுவது சரியா என்று வினவும் உரிமை வரிசையில் இருந்தவனுக்கு இல்லை. ஏன் இப்பாடத்தைப் படிக்கிறோம் என்று வினவும் உரிமை சட்டாம்பிள்ளைக்கும் இல்லை. மாணவனின் வாயை வாங்கிக்கொண்ட அம்முறை அவனது வினாவை வாங்கிக்கொள்ளவில்லை. 1846 இல் அரசாங்கம் பதின்மூன்று வயதுக்கு மேற்பட்டோரை ஊதியத்தோடு பயிற்றும் ‘மாணவ ஆசிரியர்’ திட்டத்தைக் கொண்டுவந்தபின் பழைய சட்டாம்பிள்ளை முறை மெல்ல மெல்லத் தேய்ந்தது. அரைகுறையாகக் கற்றவன் அதனினும் அரைகுறையாகக் கற்பித்தான் என்பதே அதன்மேற் சுமத்தப்பட்ட குற்றச்சாட்டு. குற்றம் சிறுவருடையதன்று என்பதை நாம் மனங்கொள்ளல் வேண்டும்.

*

லங்காஸ்டர் பள்ளி தொடங்கிய அதே லண்டனில், அதே ஆண்டுகளில், வேறொரு வகையான கூட்டுக் கல்வியும் நடந்தது. அதனை நடத்தியவர் பாதிரிமாருமல்லர், பிரபுக்களுமல்லர். சப்பாத்துத் தொழிலாளியான தோமஸ் ஹார்டி 1792 இல் லண்டன் கடிதத் தொடர்புச் சங்கத்தைத் தோற்றுவித்தார். எல்லா ஆண்களுக்கும் வாக்குரிமை வேண்டும் என்று கோரிய இச்சங்கத்தில் உழைப்பாளரும் கைவினைஞரும் சேர்ந்தனர். வாரத்துக்கு ஒரு பென்னி சந்தா. அதன் உறுப்பினராயிருந்த தையற்காரர் பிரான்சிஸ் பிளேஸ் தம் வாழ்க்கை வரலாற்றில் அக்கூட்டங்களை வருணித்திருக்கிறார். தலைமை வகிப்பவர் ஒரு நூலின் அத்தியாயத்தை வாசிப்பார். பின்னர் கூடியிருப்போர் தத்தம் கருத்தைக் கூறுவர். பேச விரும்பிய அனைவரும் ஒருமுறை பேசி முடிக்கும்வரை எவரும் இரண்டாம் முறை பேசலாகாது.

இந்த ஒரு விதியைச் சிந்தித்துப் பார்த்தால் அதன் ஆழம் புலப்படும். நாவன்மை மிக்கவன் சபையைக் கைப்பற்றுவதை அது தடுத்தது. தயங்கி நிற்பவனுக்கு இடம் விட்டு வைத்தது. அவனுடைய சொல்லுக்காக ஏனையோர் காத்திருக்க வேண்டும் என்பதை நியதியாக்கியது. அரசாங்கம் என்ன செய்தது? ஹார்டியை 1794 இல் இராசத் துரோகக் குற்றஞ் சாட்டி விசாரித்தது. சான்றாயர் அவரை விடுதலை செய்தனர். 1799 இல் சட்டம் இயற்றி, சங்கத்தின் பெயரையே குறிப்பிட்டு அதனைத் தடைசெய்தது. லங்காஸ்டரையோ 1805 இல் மூன்றாம் ஜோர்ஜ் மன்னன் நேரிற் கண்டு ஆதரவளித்தான். கட்டளைக்குக் கீழ்ப்பட்டு ஒருவருக்கொருவர் கற்பிக்கும் ஏழைகள் அரசுக்கு உவப்பானவர்கள். கேள்வி கேட்டு ஒருவருக்கொருவர் கற்பிக்கும் ஏழைகளோ அபாயமானவர்கள்.

இவ்விரண்டாம் வகைக் கல்வியை ஒரு வகுப்பறைக்குள் காண, நாம் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு தாண்டி இத்தாலிக்குச் செல்லவேண்டும். லொரென்சோ மிலானி என்ற கத்தோலிக்கக் குருவானவர் தொழிலாளரோடு நெருங்கிப் பழகியமையால் மேலிடத்தாரின் அதிருப்திக்கு ஆளாகி, 1954 இல் பார்பியானா என்னும் மலைக்குக்கிராமத்துக்கு அனுப்பப்பட்டார். அங்கே ஒழுங்கான வீதியில்லை, மின்சாரமில்லை. அரசாங்கப் பள்ளிகளிலே தேறாமல் வெளியேற்றப்பட்ட உழவர் பிள்ளைகளைச் சேர்த்து அவர் ஒரு பள்ளி நடத்தினார். ஒரு நூலுக்கு ஒரே பிரதி. அதனைச் சூழ்ந்து பிள்ளைகள் நெருங்கியிருப்பர். அவர்களுள் எவன் கற்பிக்கிறான், எவன் கற்கிறான் என்பதை வந்தவர் எளிதிற் கண்டுகொள்ள முடியாது. கற்பித்தவருள் மூத்தவனுக்கு வயது பதினாறு, இளையவனுக்குப் பன்னிரண்டு. பின்தங்கியவனுக்கே அங்கு முதலிடம். அவன் விளங்கிக்கொள்ளும்வரை பாடம் முன்னே நகராது.

ஆசிரியர் பயிற்சிப் பாடசாலைத் தேர்விற் பார்பியானா மாணவர் தோல்வியுற்றபோது எண்மர் கூடி, தம்மைத் தேறாமற் செய்த ஆசிரியைக்கு ஒரு கடிதம் எழுதினர். 1967 மே மாதத்தில் நூலாக வெளிவந்த ‘ஓர் ஆசிரியைக்கு ஒரு கடிதம்’ இத்தாலியக் கல்வியுலகை உலுக்கியது. அதனை எழுதிய முறையே ஒரு பாடம். ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றிய கருத்துக்களைத் துண்டுத் தாள்களிற் குறித்தனர். ஒரு தாளுக்கு ஒரு கருத்து. பின் எல்லாத் தாள்களையும் மேசையிற் பரப்பி, ஒத்தவற்றைச் சேர்த்து, மிகையானவற்றை நீக்கி, வரிசைப்படுத்தி, சொல் சொல்லாக வாதாடிச் செப்பனிட்டனர். இது யாருடைய வாக்கியம் என்று இறுதியில் எவராலும் கூறமுடியவில்லை. பள்ளியினின்று வெளியேற்றப்படுவோர் எந்த வர்க்கத்துப் பிள்ளைகள் என்பதைப் புள்ளிவிவரங்களைத் திரட்டி அச்சிறுவர் நிறுவினர். தங்கள் தோல்வி தங்கள் மூளையின் குறையன்று, ஒரு சமூக ஒழுங்கின் விளைவு என்பதைத் தாமே கண்டறிந்தனர். அதே ஆண்டு ஜூன் மாதம், நாற்பத்து நான்காம் வயதில், மிலானி நோயினாற் காலமானார்.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. மிலானி மென்மையான ஆசிரியர் அல்லர், மிகுந்த கண்டிப்புடையவர். மாணவர் தலைமையேற்றனர் என்பதற்காக ஆசிரியர் மூலையில் ஒதுங்கியிருக்கவில்லை. ஆண்டின் எல்லா நாட்களிலும், காலை முதல் மாலை வரை, அவர் அவர்களோடிருந்தார். ஆசிரியரின் உழைப்பைக் குறைப்பதற்காகச் சென்னை முறை பரவியது. பார்பியானாவிலோ ஆசிரியரின் உழைப்பு பெருகியது.

*

இனி நம் நாட்டுக்கு வருவோம். ஒருவருக்கொருவர் கற்பிக்க வேண்டுமாயின் முதலில் ஒருவர் அருகில் ஒருவர் அமர வேண்டும். யாழ்ப்பாணத்திலே அதுவே போராட்டமாயிற்று என்பதை நமது மாணவர்கள் அறியார். ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் தரையிலும் வகுப்பின் புறத்தும் இருத்தப்பட்ட காலத்தில், 1930 ஆம் ஆண்டை ஒட்டி, அரசாங்கம் ‘சம ஆசன’ விதியைக் கொண்டுவந்தபோது, அதனைப் பொறாதோர் சில பாடசாலைகளுக்குத் தீ வைத்தனர். ஒரு வாங்கில் இரு பிள்ளைகள் சேர்ந்து இருப்பதற்கு இந்த மண் கொடுத்த விலை அது. மலையகத்திலோ தோட்டப் பாடசாலைகள் பல, 1970களில் அரசு பொறுப்பேற்கும் வரை, ஒரே ஓர் ஆசிரியரைக் கொண்டே நடந்தன. ஆசிரியருக்குக் கொடுக்க வேண்டிய சம்பளத்தை மிச்சம் பிடிப்பதற்காக மூத்த பிள்ளையை இளைய பிள்ளைக்குப் பொறுப்பாக்கும் ‘சிக்கனம்’ பரோ வீதியோடு முடிந்துவிடவில்லை. மாணவர் தாமே கற்பார்கள் என்ற புகழுரை ஆசிரியர் வெற்றிடங்களை நிரப்பாதிருப்பதற்குச் சாட்டாக வரும்போதெல்லாம் நாம் விழிப்பாயிருத்தல் வேண்டும்.

பிறரைப் பற்றி இவ்வளவும் கூறிய நான் என்னைப் பற்றியும் கூறுதல் முறை. பத்தாம் வகுப்பிலே தமிழ் கற்பித்த முதல் ஆண்டுகளில் நானும் குழுக்களை அமைத்தேன். ஒவ்வொரு குழுவுக்கும் அதிக புள்ளி பெற்றவரைத் தலைவராக்கினேன். தலைவர் எழுதினார், மற்றவர் பார்த்தனர், நான் மனநிறைவோடு பதிவேட்டை நிரப்பினேன். ஒருநாள் நெய்தற் பாடலொன்றை விளக்கும்போது காற்றைப் பற்றி ஏதோ கூறினேன். ஆண்டு முழுதும் வாய் திறவாத கடைசி வாங்கு மாணவன் ஒருவன் தன் பக்கத்திலிருந்தவனிடம் மெல்ல, “சேர் சொல்லுறது பிழை, சோளகம் எழும்பினா அந்தப் பக்கம் வள்ளம் விடேலாது” என்றான். அவன் தகப்பனார் கடற்றொழிலாளி. நான் அவனை முன்னே அழைத்தேன். வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என்று நான்கு காற்றுகளையும் அவன் கரும்பலகையில் வரைந்து காட்டினான். அவனிடம் அதிகமாகக் கேள்வி கேட்டவள் வகுப்பில் முதலாவதாக வருகின்ற மாணவி. அந்த அரைமணி நேரத்தில் அவ்வகுப்பிற் கற்றவர்களுள் நானும் ஒருவன்.

அன்றே நான் தலைவர்களை நீக்கினேன். எல்லோரும் ஒருமுறை பேசும்வரை எவரும் இரண்டாம் முறை பேசலாகாது என்ற அந்தச் சப்பாத்துத் தொழிலாளரின் விதியை வகுப்பிற் புகுத்தினேன். பாடம் மெதுவாகச் செல்கிறது என்று பெற்றோர் சிலர் குறைகூறினர், அக்குறையில் நியாயமில்லாமலுமில்லை. ஐந்தாம் வகுப்பிலேயே புலமைப்பரிசிற் பரீட்சைக்காகப் பக்கத்துப் பிள்ளையை எதிரியாகக் காணப் பழக்கப்பட்ட குழந்தையை, பத்தாம் வகுப்பில் ‘சேர்ந்து படி’ என்றால் அது எங்ஙனம் இயலும்? 1945 இல் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி பெற்றோம். கட்டணம் ஒழிந்தது, போட்டி ஒழியவில்லை. மாலையிலே தனியார் வகுப்புக்குப் பணங்கொடுக்க இயன்றவனும் இயலாதவனும் காலையில் ஒரே வாங்கில் அமர்கின்றனர். அவ்விருவரையும் பகைவராக்காது தோழராக்கும் கடமை நம்முடையது.

சட்டாம்பிள்ளையின் கதை நமக்கு உணர்த்துவது இதுவே. மாணவனிடம் கற்பிக்கும் வேலையைக் கொடுத்து வினவும் உரிமையைக் கொடாவிட்டால் அவன் மலிவான கங்காணியாவான். அச்சொல் மலையாளத்திற் பெற்ற பொருளை நம் வகுப்பறையிலும் பெறும். இரண்டையும் கொடுத்தால், யாழ்ப்பாணத்துச் சொல்வழக்கின்படி, சட்டம்பியாராவான்.

நாளை நாம் வகுப்பிற் குழுக்களை அமைக்கும்போது, கடைசி வாங்கில் இருப்பவன் இன்னும் பேசவில்லை என்பதை முதலிற் கவனிப்போம். அவன் பேசும்வரை நாம் காத்திருப்போம்.